அரசு வக்கீலின் கட்சிக்காரர் யார்?

ராஜபாளையத்தில் திருவில்லிபுத்தூர் பஸ் ஏறும் எல்லோரும் ஆண்டாள் கோயில் கோபுரம் பார்க்கப் போகிறவர்கள் அல்லர். கோர்ட்டுக் கட்டோடு போகிறவர்களும் அந்தப் பஸ்ஸில் உண்டு. கலெக்டர் இருப்பது விருதுநகரில். மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் இருப்பதோ திருவில்லிபுத்தூரில். கொலை, கொள்ளை போன்ற பெரிய வழக்குகளில் அங்கே அரசின் சார்பில் எழுந்து பேசுகிறவரைப் பப்ளிக் பிராசிக்யூட்டர் என்கிறது சட்டம். அரசு வக்கீல் என்கிறது ஊர்.

அந்தப் பதவியைப் பற்றி நாம் எழுதக் காரணம் உண்டு. ஆட்சி மாறினால் அரசு வக்கீலும் மாறுவது நாட்டில் வழக்கமாகிவிட்டது. அப்போதெல்லாம் தோழர்களிடையே ஒரு பேச்சு எழும். "நம் வக்கீல் கொடி பிடித்தார், தோழர்களுக்குக் காசு வாங்காமல் ஜாமீன் எடுத்தார். அவருக்கு இந்தப் பதவி கிடைக்க வேண்டாமா?"

உழைத்தவரை மறப்பது நன்றிகெட்ட செயல், ஒப்புகிறோம். ஆனால் திருப்பிக் கேட்கிறோம்: எடுத்துக் கொடுக்க அது நம் வீட்டுச் சொத்தா?

வக்கீலிடம் வழக்கை ஒப்படைப்பவரைக் 'கட்சிக்காரர்' என்கிறோம். இயக்கத்தில் இருப்பவரையும் அப்படியே அழைக்கிறோம். சொல் ஒன்றாக இருப்பதால் பொருளையும் ஒன்றாக்கிவிடலாமா? அரசு வக்கீலுக்குக் கட்சிக்காரர் ஒருவரே. அவர் பொதுமக்கள்!

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் கருகி மாண்டனர். அத்தகைய சாவுகளில் ஆலை முதலாளி பெரிய வக்கீலை அமர்த்திக்கொள்வார். தாலி இழந்தவள் யாரை அமர்த்துவாள்? அவளுக்காக வாதாட வேண்டியவர் அரசு வக்கீல். அவர் சட்டம் தெரியாதவராக இருந்தால், யாருடைய தயவிலோ வந்தவராக இருந்தால், தோற்பது அரசன்று, அவள்.

வெள்ளையன் காலத்தில் இந்தப் பதவி ஆட்சியாளன் கை ஆயுதமாக இருந்தது. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்ற வ.உ.சிதம்பரனாரும் வக்கீல்தான். 1908-இல் அதே திருநெல்வேலிச் சீமையில் அவரைக் கூண்டில் ஏற்றினர். அரசுத் தரப்பு வாதாடியது. பின்ஹே என்ற நீதிபதி இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். உயர்நீதிமன்றம் பிறகு குறைத்தது என்றாலும், செக்கிழுத்த கைகளின் தழும்பை யார் குறைத்தார்கள்?

விடுதலைக்குப் பின் சட்டம் வேறு வழி வகுத்தது. மாவட்ட அரசு வக்கீலாக 7 ஆண்டுகளாவது வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும். செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து கலெக்டர் பெயர்ப்பட்டியல் தயாரிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஏன் நீதிபதியைக் கேட்க வேண்டும்? யார் வாதம் செய்கிறார், யார் வாய்தா வாங்குகிறார் என்பது நாள்தோறும் பார்க்கும் அவருக்கன்றோ தெரியும்!

1990-இல் உத்தரப்பிரதேச அரசு தன் மாவட்ட அரசு வக்கீல்களை ஒரே உத்தரவில் ஒட்டுமொத்தமாக நீக்கியது. அது தான்தோன்றித்தனம், செல்லாது என்றது உச்சநீதிமன்றம். அரசு வக்கீல் நியமனம் நேர்மையாக, தகுதி பார்த்து நடக்க வேண்டும் என்று பஞ்சாப் வழக்கொன்றில் 2016-இலும் அது சொன்னது.

இன்னொன்றும் சொல்வோம். வழக்கை வாபஸ் பெறும் அதிகாரம் இவர் கையில் இருக்கிறது. கோர்ட் சம்மதிக்க வேண்டும். ஆனால் மனுப் போடுகிறவர் இவர். மேலிடம் சொன்னது என்று கையெழுத்திட அவர் தபால்காரர் அல்லர். தாமே யோசித்து முடிவெடுக்க வேண்டியவர். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டப்படி, பாதிக்கப்பட்டவரைக் கேளாமல் வாபஸுக்கு அனுமதி தரக் கூடாது.

"நம் ஆள் இருந்தால் நம் தோழர் மீதான வழக்கு போகுமே" என்று எண்ணும் நண்பருக்கு ஒரு சொல். ஆட்சிச் சக்கரம் சுழலும். இன்று நம் ஆள் உட்காரும் நாற்காலியில் நாளை அவர்கள் ஆள் உட்காருவார். இன்று நாம் காட்டும் வழியில்தான் நாளை அவர் நம் தோழர்மீது பாய்வார். பொய் வழக்கென்றால் கோர்ட்டில் உடைப்போம். அதற்கு நம்மிடம் வக்கீல்கள் இல்லாமலா போனார்கள்?

நம் வக்கீலுக்குத் தகுதி இருந்தால் வரட்டும், மகிழ்வோம். வந்தபின், கொடியை நீதிமன்ற வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகட்டும். தோழர்களும் சிபாரிசுக் கடிதத்தோடு அவர் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடக்க வேண்டாம். அந்தத் திண்ணை அந்தப் பெண்ணுக்கு உரியது. அவளுக்கு இடம் விட்டு எழுந்திருப்பதே நம் இயக்கத்துக்குப் பெருமை!