பாப்பாவுக்கு மடி போதுமா?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ரெம்பாவ் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் பல குடும்பங்கள் சென்னைக்கோ திருச்சிக்கோ கிளம்புகின்றன. குலதெய்வக் கோயிலில் குழந்தைக்கு மொட்டை போட வேண்டும், தாத்தா பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் டிக்கெட் தேடும் வேலை பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழுகிறது. அதனால்தான் இதைப் பெரியவர்களிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கட்டணத்தை மட்டும் பார்த்து விமானத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த விமானத்தைப் பிடிக்க உங்கள் கார் எத்தனை மணிக்குச் சாலையில் இருக்கும், அந்தக் காரில் குழந்தை எதில் உட்கார்ந்திருக்கும் என்பதை முதலில் பாருங்கள்.

ரெம்பாவிலிருந்து கேஎல்ஐஏ விமான நிலையத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து சென்னைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். வீட்டில் எல்லாரும் பயப்படுவது அந்த நான்கு மணி நேரத்துக்குத்தான். பயப்பட வேண்டியது அந்த ஒரு மணி நேரத்துக்கு. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டில் மட்டும் 6,167 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பது உண்மை. ஆனாலும் காரில் போகிறவர்களுக்கு ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

“குழந்தையை நான் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன், ஒன்றும் ஆகாது.” முன் இருக்கையில் அமர்ந்திருக்கும் அம்மாவோ பாட்டியோ இப்படிச் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர்களுடைய அன்பில் குறை இல்லை. கணக்குத்தான் இடிக்கிறது. படிவம் 4 இயற்பியல் படிப்பவர்கள் என்னோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். குழந்தையின் எடை 10 கிலோ. கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். எதிலோ மோதி, 0.1 வினாடியில் கார் நின்றுவிடுகிறது. கார் நின்றாலும், நிலைமத்தின் காரணமாகக் குழந்தை அதே வேகத்தில் முன்னோக்கிப் போகப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்தத் தேவைப்படும் விசை 10 × 14 ÷ 0.1, அதாவது 1,400 நியூட்டன். ஏறக்குறைய 140 கிலோவைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். ஒரு செம்பனைக் குலை 20 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஏழு குலைகள். ஏழு குலைகளை ஒரே நேரத்தில் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கக்கூடியவர் உங்கள் தோட்டத்தில் யாராவது இருக்கிறாரா? அதுவும் முன்னறிவிப்பே இல்லாமல், கண் இமைக்கும் நேரத்தில்! இது வெறும் 50 கிலோமீட்டர் வேகக் கணக்கு. நெடுஞ்சாலையில் 110இல் போனால், மோதலில் தணிய வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிடும்.

சட்டம் இதைப் படிப்படியாகப் புரிந்துகொண்டது. முன் இருக்கை பெல்ட் 1979இல் கட்டாயமானது, பின் இருக்கை பெல்ட் 2009இல். தனியார் கார்களில் குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். தொடக்கத்தில் சம்மன் கிடையாது, அறிவுறுத்தல் மட்டும்தான் என்றார்கள். நம் மக்களில் பலர் அந்த ‘சம்மன் கிடையாது’ என்பதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

விமானத்தில் நிலைமை வேறு. இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை இன்றும் மடியில் வைத்துக்கொண்டு பறக்கலாம். நியூட்டனின் விதி விமானத்துக்கும் பொருந்துமே, பிறகு ஏன் இந்தச் சலுகை? இதற்குப் பின்னால் ஒரு பெரிய வாதம் இருக்கிறது.

1989 ஜூலை 19ஆம் நாள், அமெரிக்காவில் யுனைடெட் நிறுவனத்தின் 232ஆம் எண் விமானம் நடுவானில் ஓர் இயந்திரம் சிதறியதால் கட்டுப்பாட்டை இழந்து, சூ சிட்டி விமான நிலையத்தில் விழுந்து உடைந்தது. 296 பேரில் 184 பேர் உயிர் பிழைத்தார்கள். அதில் நான்கு மடிக்குழந்தைகள் இருந்தன. அன்றைய நடைமுறைப்படி, குழந்தைகளைப் போர்வையால் சுற்றித் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளும்படி தலைமைப் பணிப்பெண் ஜான் பிரௌன் பெற்றோரிடம் சொன்னார். சில பெற்றோரால் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. ஒரு பெண் குழந்தை பயணப் பைகள் வைக்கும் இடத்துக்குள் போய் விழுந்தது. அதன் அழுகுரல் கேட்டு வேறொரு பயணி தூக்கி வந்து காப்பாற்றினார். இன்னும் இரண்டு வயது நிரம்பாத ஓர் ஆண் குழந்தை இறந்துபோனது. அதன் பிறகு ஜான் பிரௌன், குழந்தைகளுக்கும் விமானத்தில் தனி இருக்கை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். விபத்து விசாரணை வாரியமும் அதையே பரிந்துரைத்தது.

விமானப் போக்குவரத்து நிர்வாகம் மறுத்துவிட்டது. அது சொன்ன காரணம் இதுதான்: குழந்தைக்கும் டிக்கெட் வாங்கச் சொன்னால், செலவுக்குப் பயந்து பல குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் போகும். சாலை விமானத்தைவிட ஆபத்தானது. ஆகவே மொத்தத்தில் சாவு கூடும்.

முதலில் கேட்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கில் தவறில்லை. சென்னைக்கு நாம் காரில் போக முடியாது என்பதால் இந்த வாதம் நமக்கு அப்படியே பொருந்தாது. என்றாலும் அதற்குள் இருக்கும் ஒரு விஷயம் நமக்குத் தேவை. உங்கள் வீட்டில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், அது காருக்கான பாதுகாப்பு இருக்கையாக இருக்கட்டும். வசதி இருந்தால் விமானத்திலும் தனி இருக்கை வாங்கி அதையே பொருத்துங்கள். காற்றில் விமானம் குலுங்கும்போது குழந்தைக்கு மடியைவிட அதுதான் நல்லது.

இனி விமானத்தைத் தேர்ந்தெடுப்பது. சென்னையில் இரவு 11 மணிக்குக் கிளம்பும் விமானம் நம் நேரப்படி விடிகாலை 5.30 வாக்கில் இறங்கும். இரவெல்லாம் கண் விழித்த அப்பா அடுத்த ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். 80 ரிங்கிட் மிச்சம் என்று இதை எடுக்கலாமா? கூடாது என்பேன். பகலில் இறங்கும் விமானம் கிடைக்காவிட்டால், தூங்கி எழுந்த உறவினர் யாரையாவது காரோடு வரச் சொல்லுங்கள். பாதுகாப்பு இருக்கை அந்தக் காரில் இருக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, விமானம் இறங்கும்போது காற்றழுத்தம் கூடுவதால் காது அடைக்கும். குழந்தைக்குக் கொட்டாவி விடச் சொன்னால் புரியுமா? அந்த நேரத்தில் பால் கொடுத்தால் போதும், விழுங்கும்போது காதுக்குழாய் திறந்துகொள்ளும்.

இருக்கை வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் ஆரஞ்சு நிற ஒட்டியைப் பாருங்கள். ஆர்44 அல்லது ஆர்129 என்று இருக்க வேண்டும். குழந்தை பின்னோக்கி உட்காரும் வகைதான் கைக்குழந்தைக்கு ஏற்றது. குழந்தையின் தலை உடம்பைப் பார்க்கக் கனமானது, கழுத்து வலுவில்லாதது. பின்னோக்கி இருந்தால் மோதலின் விசை முதுகு முழுவதும் பரவிவிடும். ஆர்129 விதி குறைந்தது 15 மாதம் வரை அப்படித்தான் என்கிறது. காற்றுப்பை உள்ள முன் இருக்கையில் மட்டும் இதை ஒருபோதும் வைக்காதீர்கள். விமானத்துக்கும் கொண்டுபோவதாக இருந்தால், ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மட்டும் மாட்டும் வகையை வாங்க வேண்டாம், விமானத்தில் அந்தக் கொக்கி கிடையாது. சாதாரண பெல்ட்டால் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். விமானத்தில் பயன்படுத்தலாம் என்ற முத்திரையும் வேண்டும். சிக்கன வகுப்பு இருக்கை சுமார் 43 சென்டிமீட்டர் அகலம்தான், அளந்து பார்த்து வாங்குங்கள்.

‘தோட்டத்து வீட்டில் இதற்கெல்லாம் பணம் ஏது சார்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சில நூறு ரிங்கிட் சின்னத் தொகை இல்லை. ஆனால் குழந்தை பிறந்த முப்பதாம் நாள் விருந்துக்கு வரும் அத்தை, மாமா, சித்தி எல்லாரும் ஆளுக்கொரு தங்கக் காப்பு போடுகிறார்கள் இல்லையா? அடுத்த விருந்துக்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். நான்கு பேர் சேர்ந்தால் ஓர் இருக்கை வந்துவிடும். தெரிந்தவர் பழையதைக் கொடுத்தால் வாங்கலாம், அது விபத்தில் சிக்கிய காரில் இருந்ததில்லை என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.