வாரண்டி முடிந்த மறுநாள்

வாரண்டி, கியாரண்டி என்ற இரு சொற்களையும் தமிழ்ப் பேச்சுவழக்கில் நாம் வேறு வேறாகவே புழங்கி வருகிறோம். பழுதானால் சரிசெய்து தருவது வாரண்டி, மாற்றியே தந்துவிடுவது கியாரண்டி என்று கடைக்காரர் விளக்கம் சொல்வார். சொற்பிறப்பின்படி இரண்டும் ஒரே ஜெர்மானிய வேரில் கிளைத்தவை. நார்மன் வழக்கு வகரத்தில் தொடங்கிய சொல்லைப் பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சு ககரத்தில் தொடங்கியது; இரண்டையும் ஆங்கிலம் வாங்கிக்கொண்டது. சொல் வேடிக்கையாக மட்டும் இது நின்றுவிடாததற்குக் காரணம், பிரெஞ்சுச் சட்டத்துக்கும் பின்னர் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற சட்டத்துக்கும் அடுத்தடுத்து ஆட்பட்ட ஓர் ஊர் நம்மிடையே இருப்பதுதான். அது காரைக்கால்.

பிரச்சினை எல்லோரும் அறிந்ததே. மூன்று ஆண்டு வாரண்டியுடன் ஒருவர் கார் வாங்குகிறார். திருநள்ளாறுக்கு வரும் பக்தர்களை ஏற்றி இறக்கிப் பிழைப்பவர் என்று வைத்துக்கொள்வோம். கடன் தவணை ஐந்து ஆண்டுகள். நான்காம் ஆண்டில் எஞ்சின் 'சீஸ்' ஆகிவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார்கள். எஸ்டிமேட் லட்சங்களில் வருகிறது. 'வாரண்டி முடிஞ்சுபோச்சுங்க' என்ற ஒரே வாக்கியத்தில் உரையாடல் முடிந்துவிடுகிறது. ஓடாத காருக்குத் தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த வாக்கியம் உண்மைதான். ஆனால் அது முழு உண்மையா என்பதே என் கேள்வி. வாரண்டி என்பது நிறுவனம் தானாக முன்வந்து கொடுக்கும் வாக்குறுதி. அதற்கு அது கெடு வைத்துக்கொள்ளலாம். விற்கும்போதே பொருளுக்குள் ஒளிந்திருந்த குறைக்கான பொறுப்பு அந்த வாக்குறுதியிலிருந்து பிறப்பதன்று. விற்றல் என்ற செயலிலிருந்தே பிறப்பது.

காரைக்காலுக்கு இது புதிய கருத்தன்று. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன அவ்வூரில் 1819 முதல் பிரெஞ்சுச் சட்டத்தொகுப்புகள் நடப்புக்கு வந்தன. அவற்றுள் ஒன்றான 1804ஆம் ஆண்டின் சிவில் சட்டம், தன் 1641ஆம் பிரிவில் மறைகுறைகளைப் பற்றிப் பேசுகிறது. பொருளைப் பயனற்றதாக்கும் அளவுக்கு, அல்லது தெரிந்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டார் என்னும் அளவுக்கு ஒரு குறை மறைந்திருந்தால் விற்றவரே பொறுப்பு. அவருக்கே அது தெரியாமல் இருந்தாலும், பொறுப்பேற்க மாட்டேன் என்று முன்கூட்டி ஒப்பந்தம் செய்திராதவரை, அவர் தப்ப முடியாது. இதன் மூலம் ரோமானியச் சந்தை. அடிமைகளையும் கால்நடைகளையும் விற்றவர்களுக்கு அங்கிருந்த அதிகாரிகள் விதித்த விதி அது. நம் மாட்டுச்சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்போம், சுழி பார்ப்போம். எஞ்சினுக்குள் இருக்கும் பேரிங்கின் பல்லை யார் பிடித்துப் பார்ப்பது?

1954இல் பிரெஞ்சு ஆட்சி விலகி, 1962இல் சட்டப்படியான ஒப்படைப்பும் நிறைவேறியபின் இந்தியச் சட்டங்கள் படிப்படியாக அங்கே நீட்டிக்கப்பட்டன. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 'வாங்குபவரே விழித்திரு' என்ற ஆங்கிலேய மரபில் வந்தது. அதில் விலக்குகள் உண்டு; ஆனால் ஒப்பந்தத்தின் மூலம் அவற்றைத் தட்டிக்கழிக்கவும் இடமுண்டு. 1986இல் வந்து, 2019இல் புதுப்பிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் நிலையை மாற்றியது. 'குறைபாடு' என்பதற்கு அது தரும் வரையறையில் வாரண்டிக் காலம் என்ற நிபந்தனையே கிடையாது. ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோரே. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பில், தானே ஓட்டிப் பிழைப்பதற்காக ஆட்டோ வாங்கியவரை நுகர்வோருக்கு எடுத்துக்காட்டாகவே உச்ச நீதிமன்றம் காட்டியது. கார் வாங்கிய ஊர் சென்னையோ புதுச்சேரியோ, குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே முறையிட 2019ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது.

ஒரு நுட்பத்தை இங்கே கவனிக்க வேண்டும். இச்சட்டத்தின் 'பொருள் பொறுப்பு' அத்தியாயம் பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும். ஆனால் அது பேசும் 'தீங்கு' அந்தப் பொருளுக்கே நேரும் சேதத்தை உள்ளடக்காது. எஞ்சின் வெடித்து ஆளுக்குக் காயம் என்றால் அது உதவும். எஞ்சினே போனது என்றால் உதவாது. ஆகவே குறைபாடுள்ள பொருள் என்றே முறையிட வேண்டும்.

நிரூபிப்பதுதான் கடினம். 2010இல் ஃபியட் கார் எஞ்சின் சத்தம் தொடர்பான அனந்தராம் வழக்கில், சார்பற்ற தொழில்நுட்ப வல்லுநர் உற்பத்திக் குறை உண்டு என்று சொன்னால் விலையைத் திருப்பித்தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். எல்லாமே வல்லுநர் சொல்லில் தொங்குகிறது. எஞ்சினைப் பிரித்துவிட்டால் பாதிச் சாட்சியம் போய்விடும். எனவே பிரிக்கும் முன் எழுத்தில் காரணம் கேட்பதும், படமெடுப்பதும், கழற்றிய உதிரிகளைத் திரும்பக் கேட்டு வாங்குவதும், சர்வீஸ் பில்களைச் சேர்த்து வைப்பதும் அவசியம். கோபத்தில் போடும் சத்தத்தைவிட ஒரு ஜாப் கார்டு வலிமையானது.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. ஆயில் மாற்றாமல் ஓட்டியவருக்கும், மழை வெள்ளத்தில் நின்றுபோன எஞ்சினை மறுபடி முடுக்கி கனெக்டிங் ராடை வளைத்தவருக்கும் ஆலை எப்படிப் பொறுப்பாகும்? கார்த்திகை மழையும் உப்புக்காற்றும் காரைக்காலின் இயல்பு. தேய்மானம் வேறு, பிறவிக் குறை வேறு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பிரித்தறிய வேண்டும் என்கிறேனே தவிர, காலண்டரைக் காட்டி இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது என்கிறேன்.

பிரித்தறிவது இயலாத காரியமும் அன்று. பிரான்சில் பெயர் கெட்ட ப்யூர்டெக் எஞ்சினில், ஆயிலில் மூழ்கி ஓடும் டைமிங் பெல்ட் சிதைந்து துகள்கள் ஆயில் வழியை அடைத்தன. 2024இல் ஸ்டெல்லாண்டிஸ் அதற்கான பொறுப்பைப் பத்து ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை நீட்டியது. பேரிங் தேய்ந்து பழுதான தீட்டா எஞ்சின்களுக்கு ஹுண்டாய் 2019இல் அமெரிக்காவில் ஆயுட்கால வாரண்டி அறிவித்தது. வழக்கும் கண்டனமும் திரண்டபோது கெடு தானாகவே நகர்ந்தது. இந்தியாவிலும், பாதுகாப்புக் குறைகளுக்காக வாகனங்களைத் திரும்பப் பெறும் 2021ஆம் ஆண்டு விதிகள் ஏழு ஆண்டுவரை பழைய வாகனங்களைக் கணக்கில் கொள்கின்றன.

எனவே இரண்டு மாற்றங்கள் வேண்டும். முறையிடுவதற்கான இரண்டாண்டுக் கெடு, வழக்கின் காரணம் எழுந்த நாளிலிருந்து என்று நம் சட்டம் சொல்கிறது. அது எந்த நாள் என்பதே வாதமாகிவிடுகிறது. குறையைக் கண்டறிந்த நாளிலிருந்து என்று இன்றைய பிரெஞ்சுச் சட்டம் கூறுவதைப் போல இங்கும் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். அடுத்தது, அதே வகை எஞ்சின் நாடெங்கும் எத்தனை முறை பழுதானது என்ற பதிவை ஆணையத்தின் முன் வைக்கும் கடமை நிறுவனத்தினுடையதாக வேண்டும். அந்தக் கணக்கு அதன் கணினியில் இருக்கிறது. தனியொரு ஓட்டுநர் அதை எங்கே போய்த் தேடுவார்?