பாசிக்கு ஆசிட் வேண்டாம், சாமி!

வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தால் போதும், வெளிநாட்டில் இருக்கும் நம்ம சித்தூர், திருப்பதிக்காரர்கள் வீட்டில் ஒரே மாதிரி போன் பேச்சுதான். "வாசல்ல பாசி புடிச்சிருக்குப்பா, வழுக்குது." "ரெண்டு பாட்டில் ஆசிட் வாங்கி ஊத்திக் கழுவச் சொல்லும்மா." அவ்வளவுதான், மகனின் கடமை முடிந்தது!

மக்களே, இந்த ஆசிட் வைத்தியத்தை முதலில் நிறுத்துங்கள்.

நம்ம பக்கம் வாசலிலும் பின்கட்டிலும் கடப்பா கல் அதிகம். அது சுண்ணாம்புக்கல் வகை. பாத்ரூம் கழுவும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஊற்றியதும் பொங்கும் நுரையைப் பார்த்து அழுக்கு போகிறது என்று சந்தோஷப்படுகிறோம். கரைவது கல்லய்யா! சிமெண்ட் தளத்துக்கும் இதே கதிதான். கருங்கல் தாங்கும், இடுக்கில் பூசிய சிமெண்ட் தாங்காது. அரித்துப்போன தளத்தில் தண்ணீரும் மண்ணும் இன்னும் நன்றாகத் தங்கும். காசு கொடுத்து அடுத்த வருடப் பாசிக்கு நாற்றங்கால் போடுகிறோம்.

அதை ஊற்றுவது யார்? நாமா? கையுறையும் செருப்பும் இல்லாமல் வேலை செய்கிற அம்மாதான். ஆசிட் போதவில்லை என்று மேலே ப்ளீச்சிங் பவுடரையும் தூவினால் கிளம்புவது குளோரின் வாயு. 1915-ல் ஈப்ரே போர்க்களத்தில் ஆட்களைக் கொன்றது இதே வாயுதான்.

"உடனே பளிச்சுனு ஆகுதே?" என்பீர்கள். ஆகும், அடுத்த மழை வரைக்கும். நான் இருக்கும் இங்கிலாந்தில் வருடம் முழுக்க ஈரம். வாரக்கடைசி ஆனால் தெருவெல்லாம் பிரஷர் வாஷர் சத்தம். அடுத்த குளிர்காலத்தில் பாசி திரும்பவும் ஆஜர். அந்த மெஷினை ஊருக்கு வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு. அது பேவர் கல் இடுக்கிலிருக்கும் மணலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும்.

தமிழில் பாசி, தெலுங்கில் பாச்சி. எந்த பாஷையில் கூப்பிட்டாலும் அது சொல்வது ஒன்றுதான்: "இங்கே தண்ணீர் நிற்கிறது, வெயில் விழவில்லை." சேதியை விட்டுவிட்டு சேதி சொல்ல வந்தவனை அடித்து என்ன பயன்?

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. தண்ணீர் வடிய பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது வாட்டம் வையுங்கள். மாடிக் குழாய், ஏசி, வாஷிங் மெஷின் தண்ணீரெல்லாம் நடைபாதையில் விழாமல் திருப்பிவிடுங்கள். வெயிலை மறைக்கும் கிளைகளை மட்டும் கழியுங்கள், மரத்தையே வெட்ட வேண்டாம். இருக்கிற பாசியை ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் தேய்த்து எடுக்கலாம். பிறகும் போகாவிட்டால் ப்ளீச்சிங் பவுடர் கரைசல் மட்டும், வேறெதுவும் கலக்காமல். கையுறை போட்டுக்கொண்டு, கிணற்றிலும் செடியிலும் படாமல்.

இன்னொன்று. வாசலுக்கு வழவழ டைல்ஸ் போட்டு போட்டோ அனுப்புகிற பெருமையை விட்டுவிடுங்கள். சொரசொரப்பான கல்லும், படிக்கட்டில் ஒரு கைப்பிடியும் போதும். 2021 நவம்பரில் கொட்டிய மழையில் திருமலை மலைப்பாதைகளையே மூட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட மழையில் விடியற்காலை கோலம் போட வருகிற எழுபது வயது அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், நாம் டிக்கெட் போட்டுப் போய்ச் சேரவே இரண்டு நாள் ஆகும்.

இந்த வாரம் போன் பேசும்போது "ஆசிட் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "தண்ணி எங்கம்மா நிக்குது?" என்று கேளுங்கள். அப்படியே ஒரு கொத்தனாருக்குப் பணம் அனுப்புங்கள்.