சமுதாயக் கூடம்: செலவு கூடியது எந்தத் தொகைக்கு மேல்?

நகராட்சியோ பேரூராட்சியோ தன் நிதியில் கட்டும் சமுதாயக் கூடத்துக்குச் செலவு என்று ஒரே தொகை கிடையாது. கட்டி முடிப்பதற்குள் குறைந்தது நான்கு தொகைகள் ஏட்டில் ஏறிவிடுகின்றன: மன்றத்தில் அறிவித்த தொகை, நிர்வாக அனுமதித் தொகை, ஒப்பந்தத் தொகை, இறுதிப் பட்டியல் தொகை. எடுத்துக்காட்டாக, 1.50 கோடி ரூபாய் என்று அறிவித்த கூடம் 1.80 கோடிக்கு நிர்வாக அனுமதி பெற்று, 1.74 கோடிக்கு வேலை விடப்பட்டு, 2.10 கோடியில் கணக்கு முடிந்ததாகக் கொள்ளலாம். அறிவிப்பை வைத்துப் பார்த்தால் செலவு 40 விழுக்காடு கூடியிருக்கிறது. ஒப்பந்தத்தை வைத்துப் பார்த்தால் 21, அனுமதியை வைத்துப் பார்த்தால் 17. ஊர் மக்கள் முதல் தொகையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். பொறியியல் பிரிவு மூன்றாவதை வைத்துப் பதில் சொல்கிறது. தணிக்கைக் குறிப்பு இரண்டாவதை வைத்து எழுதப்படுகிறது. மூன்று கணக்கும் சரிதான், இருந்தும் கூட்டம் சச்சரவில் முடிகிறது. மக்களின் கணக்கை அறியாமை என்று தள்ளிவிடும் பழக்கம் பொறியாளர்களிடையே உண்டு. அது நியாயமில்லை. முதல் தொகையைச் சொல்லித்தான் அவர்களிடம் சம்மதம் பெறப்பட்டது.

அந்த முதல் தொகை எப்படிப் பிறக்கிறது என்பதில்தான் பிரச்சினையின் பெரும்பகுதி இருக்கிறது. இடம் முடிவாகியிருக்காது, வரைபடம் இருக்காது, மண் பரிசோதனை நடந்திருக்காது. பக்கத்து ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் கட்டிய கூடத்தின் சதுர அடிச் செலவை எடுத்து, நினைத்த பரப்பால் பெருக்கி, கிடைத்ததை முழு எண்ணாக்குவார்கள். பல நேரங்களில் கணக்கு தலைகீழாகவும் நடக்கிறது: திட்ட நிதியில் இவ்வளவுதான் கிடைக்கும் என்பது முதலில் தெரிந்துவிடும், மதிப்பீடு அதற்குள் அடங்கும்படி தயாராகும். இப்படிப் பிறப்பது மதிப்பீடே அல்ல, நிதி வரம்பு. இரண்டும் ஒரே பெயரில் மன்றத் தீர்மானத்தில் ஏறுவதால், பின்னால் வரும் உண்மையான செலவு முழுவதும் 'கூடுதல்' என்ற கணக்கில் விழுகிறது.

ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் கட்டடம் இதற்குப் பெரிய அளவிலான சான்று. 1997 இல் வெளியான வெள்ளை அறிக்கை 1 கோடி முதல் 4 கோடி பவுண்டு வரை என்றது. கட்டடம் எழுந்த ஹோலிரூட் இடம் 1998 ஜனவரியில்தான் தேர்வானது, கட்டடக் கலைஞர் என்ரிக் மிராயெஸ் அதே ஆண்டு ஜூலையில் தேர்வானார். 2004 இல் கட்டடம் திறக்கப்பட்டபோது செலவு 40 கோடி பவுண்டைக் கடந்திருந்தது. அந்த விவகாரத்தை விசாரிக்க ஃபிரேசர் பிரபு தலைமையில் தனி விசாரணையே வைக்க வேண்டியிருந்தது. இடமும் வடிவமும் தெரியாத காலத்துத் தொகையை மக்கள் ஏழு ஆண்டுகள் மறக்கவில்லை. மறக்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை.

நம்மூர்க் கூடங்களில் அந்தத் தொகையை முதலில் உடைப்பது மண். கோவில்பட்டி, விருதுநகர் போன்ற கரிசல் பகுதிகளில் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்குகிறது. அங்கே சாதாரண அகல அடித்தளம் போட்டால் சுவர் வெடிக்கும், ஐ.எஸ். 2911 பகுதி 3 சொல்லும் அண்டர்ரீம்டு பைல் போட வேண்டிவரும். காவிரிக் கழிமுகத்துக் களிமண்ணில் அடித்தளத்தோடு தரைமட்டத்தையும் உயர்த்த வேண்டும். நிரப்பும் கிராவலின் அளவு மதிப்பீட்டில் இருந்ததைப் போல இரண்டு மடங்காவது அங்கே அதிசயமில்லை. ஊருக்கு நடுவே கூடத்துக்கென்று ஒதுக்கப்படும் புறம்போக்கு பல இடங்களில் பழைய குட்டையாகவோ குப்பை கொட்டிய இடமாகவோ இருந்திருக்கிறது. மேலே பார்த்தால் தெரியாது, வானம் தோண்டும்போது தெரியும். ஆனால் அப்போது பணி ஆணை கொடுத்து, பூமி பூஜையும் முடிந்திருக்கும். அந்த நிலையில் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் வராது. துளையிட்டு மண்ணைச் சோதிக்க ஆகும் செலவு கட்டடச் செலவில் மிகச் சிறியது. அதை நிர்வாக அனுமதிக்கு முன்பே செய்வதற்குத் தடையாக நிற்பது ஒன்றுதான்: அனுமதி இல்லாத வேலைக்கு எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்ற கேள்வி. ஆய்வுப் பணிகளுக்கென்று ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு சிறு தொகையை ஒதுக்கிவைக்கும் உள்ளாட்சிக்கு இந்தத் தடை இல்லை.

அடுத்தது விடுபட்டவை. மண்டபம் மதிப்பீட்டில் இருக்கும், மின்மாற்றியும் மின் இணைப்புக்கான வைப்புத்தொகையும் இருக்காது. கழிப்பறை இருக்கும், செப்டிக் டேங்க் வேறு வேலையாக வரும். சுற்றுச்சுவர், வண்டி நிறுத்துமிடம், போர்வெல், மழைநீர் சேகரிப்பு, 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேட்கும் சாய்தளம் ஆகியவை ஒவ்வொன்றாகப் பின்னால் சேரும். இவற்றையும் மக்கள் புதிதாகக் கேட்பவற்றையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. கல்யாணம் நடக்கும் கூடத்தில் பந்தி பரிமாற இடம் இல்லையே என்று பெண்கள் எழுந்து கேட்டு, அதன்பேரில் உணவுக்கூடமும் சமையலறையும் சேர்ந்தால், அது ஊர் தெரிந்தே வாங்கிய கூடுதல் பயன். செப்டிக் டேங்க் விடுபட்டது மதிப்பீட்டின் குறை. திருத்திய மதிப்பீட்டில் இரண்டும் 'கூடுதல் இனங்கள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் போவதால், பொறியியல் பிரிவின் குறை மக்களின் ஆசை மீதும், ஊழல் சந்தேகம் மக்களின் நியாயமான தேவை மீதும் ஏற்றப்படுகிறது.

விலையேற்றம் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, அது எல்லாருக்கும் தெரிந்த காரணம். வரி மாற்றம் மட்டும் தனியே கவனிக்கத்தக்கது. உள்ளாட்சிகளின் கட்டுமான ஒப்பந்தப் பணிகளுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆக 2022 ஜூலை 18 முதல் உயர்ந்தது. 2 கோடி ரூபாய் வேலைக்கு இதனால் மட்டும் 12 லட்சம் கூடும். ஒரு செங்கல்கூட அதிகம் வைக்காமல் வந்த இந்த 12 லட்சத்தைத் தனி இனமாகக் காட்டிய இடத்தில் எவரும் தகராறு செய்ய முடியாது. மொத்தத்தில் கரைத்துவிட்ட இடத்தில் அதுவும் சந்தேகத்துக்கு உள்ளானது.

ஒப்பந்தப்புள்ளியில் ஒளிந்திருக்கும் கூடுதலைப் பொறியாளர்கள் அறிவார்கள், மக்களுக்கு அது தெரிவதில்லை. இனவாரி விலை கேட்கும் டெண்டரில் ஒப்பந்ததாரர் எந்த அளவு பின்னால் கூடும் என்று ஊகித்து அந்த இனத்துக்கு அதிக விலையும், குறையக்கூடியதற்குக் குறைந்த விலையும் போடுவார். மொத்தத்தில் அவரே குறைந்த தொகையாளர். மண்ணைச் சோதிக்காமல் டெண்டர் விட்ட இடத்தில் அடித்தளக் கான்கிரீட்டின் அளவு கூடும்போது, கூடுகிற ஒவ்வொரு கன மீட்டரும் அந்த உயர்ந்த விலையில் ஏறுகிறது. 1998 ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் டெண்டர் திறப்பு வரையிலான நடைமுறைக்குப் பலத்த காவல். பணி ஆணைக்குப் பிறகு அளவுப் புத்தகத்தில் நடப்பதற்குக் காவல், பிரிவு அலுவலரின் நேர்மையும் மேலளவை செய்யும் அதிகாரியின் விழிப்பும்தான். விலை அட்டவணையோடு இனவாரியாக ஒப்பிட்டு, மிகவும் விலகி நிற்கும் விலைகளை ஒப்புதலுக்கு முன்பே குறித்துவைப்பது மிகச் சிறிய வேலை. அதைச் செய்யாமல் விடுவதற்கு எந்தச் சமாதானமும் போதாது.

எதிர்பாராச் செலவுக்கென்று மதிப்பீட்டின் அடியில் சேர்க்கும் தொகை வழக்கமாக 2.5 அல்லது 3 விழுக்காடு. பிரிட்டன் நிதித்துறை 2002 இல் மாட் மெக்டொனால்டு நிறுவனத்தைக் கொண்டு, முடிந்துபோன 50 பெரிய அரசுத் திட்டங்களை ஆராய்ந்தது. அதிலிருந்து வந்த வழிகாட்டுதல், தொடக்க நிலை மதிப்பீட்டோடு சாதாரணக் கட்டடங்களுக்கு 24 விழுக்காடு வரையும், வழக்கத்துக்கு மாறான கட்டடங்களுக்கு 51 வரையும் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. விவரங்கள் உறுதியாக உறுதியாக அந்த விழுக்காட்டைக் குறைத்துக்கொண்டே வரலாம். சாதாரணக் கட்டடத்துக்கு அது 2 வரை இறங்கும். நம் 2.5 விழுக்காடு, எல்லாம் உறுதியான கட்டத்துக்குப் பொருந்தும் எண். அதை எதுவும் உறுதியாகாத முதல் நாளிலேயே போட்டுவிடுகிறோம் என்பதே கோளாறு. 24 என்ற எண்ணை அப்படியே இங்கே எடுத்தாள வேண்டியதில்லை. ஒவ்வொரு நகராட்சி மண்டலமும் தான் கட்டி முடித்த கூடங்களின் அறிவிப்புத் தொகையையும் இறுதித் தொகையையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தாலே அந்த ஊருக்கான எண் கிடைத்துவிடும். கோப்புகள் எல்லாம் அலுவலகத்திலேயே இருக்கின்றன.

கூடுதல் செலவு யார் தலையில் விழுகிறது என்பது மக்களின் கோபத்துக்கு அடிப்படை. திட்ட மானியம் ஒரு தொகையோடு நின்றுவிடும். நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் பங்கும் தொடக்கத்திலேயே கட்டப்பட்டுவிடும். அதற்கு மேல் ஆவது உள்ளாட்சியின் பொது நிதியிலிருந்து போகும். சாலை ஒட்டுப்போடவும் வாய்க்கால் தூர்வாரவும் இருந்த பணம் அது. 2022 இல் தமிழ்நாட்டின் நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் வீடுகளுக்கான சொத்து வரி பரப்புக்கு ஏற்ப 25 முதல் 100 விழுக்காடு வரை உயர்ந்தது. அதைக் கட்டியவர், கூடத்துக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பது அவருடைய வரிப் பணத்தைப் பற்றிய கேள்வி.

கேட்பதற்கான இடமும் நீண்ட காலம் இல்லாமல் இருந்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்த பிறகு, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களே மன்றமாக இருந்தார்கள். தொடங்கியவர் ஒருவர், தொடர்ந்தவர் ஒருவர், பட்டியல் முடித்தவர் ஒருவர் என்று போன வேலைகளில் காரணம் சொல்ல ஆள் இல்லாமல் போனது. 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. கிராம சபைக்கு இணையான இடம் நகரவாசிகளுக்கு அப்போதுதான் கிடைத்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஞ) வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடவும் பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. இதைப் பயன்படுத்த வருபவரை எதிரியாகப் பார்க்கும் அலுவலகம் தனக்குத்தானே தீங்கு செய்துகொள்கிறது.

பகுதி சபையின் முன் வைக்கும் கணக்கு ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அறிவிப்பு முதல் இன்றைய செலவு வரையிலான வித்தியாசத்தை மண், விடுபட்டவை, மக்கள் கேட்டவை, விலையும் வரியும், காலதாமதம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ரூபாயும் யார் எப்போது ஒப்புதல் தந்தார்கள் என்பதும் எழுதினால் போதும். இது வேலை முடிந்த பிறகு தயாராகும் விளக்கமாக இருக்கக் கூடாது. அடித்தளம் முடிந்ததும் ஒருமுறை, கூரை போட்டதும் ஒருமுறை வைத்தால், மேற்கொண்டு சேர்க்க வேண்டியதைச் சேர்க்கலாமா விடலாமா என்று ஊரே முடிவெடுக்க இடம் இருக்கும். டைல்ஸின் தரத்தைக் குறைப்பதா, சுற்றுச்சுவரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவதா என்பது பொறியாளர் தனியே தீர்க்க வேண்டிய கேள்வியே அல்ல. கூரை ஏறிய பிறகு கேட்டால் அதற்கு மக்கள் தெளிவாகப் பதில் சொல்வார்கள், திறப்பு விழாவுக்குப் பிறகு கேட்டால் சண்டை போடுவார்கள்.

இறுதிப் பட்டியலோடு இரண்டு ஆவணங்கள் சேர வேண்டும். ஒன்று, கட்டியபடி வரைந்த வரைபடம்: பைல் எங்கே, குழாய் எங்கே, எர்த் கம்பி எங்கே என்று. மற்றொன்று ஆண்டுச் செலவுக் கணக்கு: மின்கட்டணம், காவலர் சம்பளம், வெள்ளையடிப்பு, கழிப்பறைப் பராமரிப்பு. கூடத்தின் வாடகை இந்த இரண்டாவது கணக்கிலிருந்துதான் வரவேண்டும். கட்டுமானத்தில் மிகுந்த தொகையை வாடகையில் ஈடுகட்ட முயலும் மன்றங்கள் உண்டு. அங்கே நாள் வாடகை தனியார் மண்டபத்தை நெருங்கி, யாருக்காகக் கட்டப்பட்டதோ அந்தக் குடும்பங்கள் தெருவில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடத்துகின்றன.