எஸ்தாரும் ஏறாவூர்ப்பற்றும்

ஏப்ரல் 23ஆம் நாளை ஐக்கிய நாடுகள் சபை ஸ்பானிய மொழி நாளாகக் கடைப்பிடிக்கின்றது. ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தேசின் நினைவையொட்டித் தெரிவு செய்யப்பட்ட அந்நாள் வந்துபோகும்போதெல்லாம், ஸ்பானியம் கற்பவர் வழமையாகக் கேட்கும் இலக்கண வினாக்களுக்கு விடை கூறும் கையேடுகளும் மீண்டும் மேசைக்கு வருகின்றன. வினாக்கள் பழையவையே: ‘இருத்தல்’ என்னும் ஒரே பொருளுக்கு ‘ஸேர்’, ‘எஸ்தார்’ என இரு வினைகள் ஏன்? ‘போர்’ எங்கே, ‘பாரா’ எங்கே? ‘பிடிக்கும்’ எனப் பொருள்படும் ‘குஸ்தார்’ ஏன் தலைகீழாக நிற்கின்றது? பிற மொழி இலக்கணத்தை ஆங்கிலத்தின் தோளிலேறியே பார்க்கவேண்டும் என்னும் வழக்கத்தோடு இப்பத்திக்குப் பகை உண்டு.

தமிழ் மாணவர் ஒருவரிடம் ‘குஸ்தார் ஒரு விசித்திரமான வினை’ எனக் கூறுவதைப் போன்ற வீண்வேலை பிறிதில்லை. விரும்புபவர் எழுவாயாக நிற்கவேண்டும் என எதிர்பார்க்கும் ஆங்கிலேயருக்கு அது விசித்திரமாகலாம். மட்டக்களப்பு ஏறாவூர்ப்பற்றிலுள்ள கரடியனாற்றுச் சந்தியில் எருமைத் தயிர் முட்டி வாங்க வந்தவர் ‘எனக்குத் தயிர் விருப்பம்’ என்கிறார். அவருடைய தலை வலித்தால் ‘எனக்குத் தலையிடிக்குது’ என்கிறார். விருப்பமும் நோவும் ஒருவர் செய்பவை அல்ல, அவருக்கு நேர்பவை என்பதால் அவரை நான்காம் வேற்றுமையில், அதாவது ‘கு’ உருபோடு வைப்பது தமிழின் இயல்பு. ஸ்பானியரின் ‘மே குஸ்தா’, ‘மே துவேலே’ ஆகிய தொடர்களும் அவ்வாறே அமைந்தவை. பிடித்த பொருள் பன்மையாயின் வினையும் ‘குஸ்தான்’ எனப் பன்மையாகும் என்பதொன்றே தமிழர் புதிதாகக் கற்கவேண்டியது.

‘ஸேர்’ நிலையானதற்கு, ‘எஸ்தார்’ தற்காலிகமானதற்கு என்னும் விதியோ இதனினும் மோசமானது. மட்ரிட் நகரம் ஸ்பெயினிலிருந்து இடம்பெயரும் என்று எவரும் அஞ்சவில்லை. ஆயினும் அது அங்கிருப்பதைக் கூற எஸ்தாரே வரும். இறந்தவரின் நிலை தற்காலிகமன்று, அதற்கும் எஸ்தாரே. தமிழிலிருந்து நோக்கினால் கோடு வேறிடத்தில் தெரியும். ‘அவர் ஆசிரியர்’, ‘மணி மூன்று’, ‘கலியாணம் கோயிலில்’ என வினையின்றித் தமிழ் முடிக்கும் இடங்களில் பெரும்பாலும் ஸேர் நிற்கின்றது. ‘களைப்பாக இருக்கிறார்’, ‘புத்தகம் வீட்டில் இருக்கிறது’, ‘கதவு திறந்திருக்கிறது’ என ‘இரு’ தேவைப்படும் இடங்களில் எஸ்தார் நிற்கின்றது. ‘உயரமாக இருக்கிறான்’ போன்ற தொடர்கள் இக்கணக்கைக் குழப்பும் என்பது உண்மையே. எனினும் கையேட்டு விதியைவிட இது குறைவாகவே பிழைக்கும்.

மனிதர் செயப்படுபொருளாக வருகையில் ஸ்பானியம் ‘ஆ’ என்னும் முன்னிடைச்சொல்லை, அதாவது பெயருக்கு முன்னே வைக்கப்படும் உருபை, வேண்டுகின்றது. மேசையைப் பார்த்தால் அது வேண்டியதில்லை, மரியாவைப் பார்த்தால் வேண்டும். கற்பவர் திகைத்துக் கேட்கும் இவ்வினாவுக்குரிய வேறுபாடு தமிழருக்குப் பழையது: ‘மரம் வெட்டினான்’ எனலாம், ‘கண்ணன் பார்த்தேன்’ எனல் ஆகாது. உயர்திணைப் பெயரில் ‘ஐ’ ஒழியாது வரும் என்பதைத் தொல்காப்பியத்தின் தொகைமரபே குறித்துவைத்துள்ளது.

ஐபீரிய மொழியொன்று தமிழ் இலக்கணத்தோடு இவ்வாறு ஒத்துப்போகும் என்பதற்குக் கண்கண்ட சான்று தேடி மட்ரிட் போகவேண்டியதில்லை. கரடியனாற்றிலிருந்து பதுளை வீதி வழியே செங்கலடிக்கு வந்து, தெற்கே திரும்பி மட்டக்களப்பு நகரை அடைந்தால் போதும். அந்நகரின் புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினர். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லும் ஸ்பானிய அரசரின் முடிக்குக் கீழே இருந்தமையால் அக்கோட்டைக்கும் அன்று அரசர் மட்ரிட்டில் இருந்த நான்காம் பிலிப்பே. பத்தே ஆண்டுகளில், 1638இல், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கூடிய ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி போயிற்று, ஸ்பானியத்துக்கு நெருங்கிய உறவான போர்த்துக்கேய மொழி போகவில்லை. தாண்டவன்வெளியிலும் டச்பாரிலும் வாழும், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பங்களில் அது நானூறு ஆண்டுகளாகப் பேசப்பட்டு, அயலிலுள்ள தமிழோடு பழகிப் பழகிக் கிரியோல், அதாவது மொழிகளின் கலப்பில் பிறந்து தாய்மொழியாக நிலைபெற்ற மொழி, ஆயிற்று.

அம்மொழியின் சொற்கள் ஐபீரியாவினுடையவை. அவற்றை அடுக்கிய முறையோ பெரிதும் தமிழினுடையது. போர்த்துக்கேயத்தில் செயப்படுபொருளுக்கு முன்னே வரும் வினை இங்கே வாக்கியத்தின் இறுதிக்குச் சென்றுவிட்டது. பெயருக்கு முன்னே நின்ற போர்த்துக்கேய ‘பரா’ என்னும் சொல்லின் வழிவந்ததாகக் கருதப்படும் ‘ப’ பெயருக்குப் பின்னே ஒட்டி, தமிழின் ‘கு’ செய்வதையும் மனிதரைச் சுட்டும் ‘ஐ’ செய்வதையும் ஒருசேரச் செய்கின்றது. கையேடுகள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் ‘பாரா’வும் மனிதருக்குரிய ‘ஆ’வும் மட்டக்களப்பில் ஒரே உருபாகி அமைதியாகக் குடியிருக்கின்றன என்று கூறலாம். எஸ்தாருக்கும் இங்கே ஒரு வாழ்வுண்டு: வினைக்கு முன்னே ‘ஜா’ வந்தால் இறந்தகாலம், ‘லோ’ வந்தால் எதிர்காலம், ‘தா’ வந்தால் நிகழ்காலம், அந்தத் ‘தா’ போர்த்துக்கேய ‘எஸ்தா’வின் எச்சம்.

அறிஞர் இதனைக் கவனியாமல் விடவில்லை. கோவாவில் பிறந்த டல்காடோ இலங்கைப் போர்த்துக்கேயம் பற்றி எழுதிய நூல் 1900இல் லிஸ்பனில் வெளிவந்தது. மட்டக்களப்பில் களவாய்வு செய்த இயன் ஸ்மித்தின் ஒலியியல் நூலைத் திருவனந்தபுரத்துத் திராவிட மொழியியற் கழகம் 1978இல் வெளியிட்டது. அண்மைக் காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹூகோ கார்டோசோ பேச்சையும் பாடலையும் ஆவணப்படுத்தியுள்ளார். மூன்றும் கடல் கடந்து எழுந்த முயற்சிகள் என்பதையும், மட்டக்களப்பு வாவிக்கரைத் தமிழர் தம் அயல்வீட்டு மொழியை ‘பைலா’ப் பாட்டு என்ற அளவில் கேட்டுக் கைதட்டியதோடு நின்றதையும் சேர்த்தே சொல்லவேண்டும். குசினி, சப்பாத்து, அலுமாரி எனப் போர்த்துக்கேயச் சொற்களை எண்ணிப் பெருமைப்படும் கட்டுரைகளுக்கு இங்கே குறைவில்லை. நம்மிடமிருந்து அவர்களுக்குச் சென்ற வாக்கிய அமைப்பைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகச் சிலவே.

எஞ்சுவது மேசை. மேசையைப் பெண்பாலாகவும் ‘ப்ரொப்லேமா’வை ஆண்பாலாகவும் கொள்ளும் ஸ்பானியப் பால் முறைக்குத் தமிழ் எவ்வகையிலும் உதவாது, உயிரற்றவை அனைத்தையும் அஃறிணையில் போட்டுவிட்ட மொழி அது. பறங்கியர் மொழியும் பெயருக்கேற்ப அடைமொழி மாறும் அத்தொல்லையைக் கைவிட்டுவிட்டது. ஸ்பானியத் தேர்வு எழுதுபவருக்கோ அச்சலுகை கிடையாது. ‘லா மேசா’ என்று மனப்பாடம் செய்தேயாகவேண்டும்.