பார்த்தோம், உண்டோம், திரும்பினோம்!



தேர்வு முடிந்த களிப்பில் நாங்கள் நால்வர் சென்ற மாதம் மட்டாஞ்சேரிக்கு ஒரு பகல் உலாச் சென்றோம். தேவராவில் பேருந்து ஏறினால் வெண்டுருத்திப் பாலம், வில்லிங்டன் தீவு, தோப்பும்படி, அப்பால் மட்டாஞ்சேரி. நால்வரும் தமிழர், நால்வரும் பிழைப்புக்காகவோ படிப்புக்காகவோ மலை தாண்டி வந்தவர்கள்.

முதலில் அரண்மனை. 1555-ஆம் ஆண்டையொட்டிப் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தது. பின்னர் டச்சுக்காரர் பழுது பார்த்தனர். கட்டியவன் பெயர் மறைந்தது. பழுது பார்த்தவன் பெயரால் 'டச்சு அரண்மனை' என்கிறது உலகம்! பள்ளியறைச் சுவரில் தீட்டிய இராமாயண ஓவியங்களின் முன் பேச்சற்று நின்றோம். அடுத்து, 1568-இல் எழுந்த யூதர் ஆலயம். மிதியடி கழற்றினோம், குரல் தாழ்த்தினோம், சீனத்து நீல ஓடுகள் பதித்த தரையில் பூனை போல் நடந்தோம். நண்பகலில் காயீஸ் ஓட்டலில் ஆட்டிறைச்சிப் பிரியாணி. திண்டுக்கல் காரத்தில் பழகிய நாக்கு முதலில் முறைத்தது. இரண்டாம் கவளத்தில் சமாதானமாயிற்று. அதைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் எழுதலாம். ஆனால் நான் எழுத வந்தது அதுவன்று.

மாலையில் ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் இடத்திலுள்ள தோபிகானாவுக்குப் போனோம். அங்கே துணி வெளுப்பவர்கள் தமிழர்கள். டச்சுக்காரர் காலத்தில், படைவீரர் உடை வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் என்பது அவர்கள் மரபு. இன்றுள்ள கட்டடம் 1976-இல் எழுந்தது. வரிசையாகத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் துவைகல். வெளியே முறுக்கிய இரட்டைக் கயிறுகள். முறுக்கின் இடையில் துணியின் நுனியைச் செருகிவிட்டால் காற்று எவ்வளவு அடித்தாலும் விழாது; கவ்வி தேவையில்லை. வேதியியல் படிக்கும் நான் இதைக் கண்டு வியந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வியந்ததோடு நின்றிருக்கலாம். கைப்பேசியை எடுத்தோம். எவரையும் கேட்கவில்லை. "டேய், அந்தக் கிழவனையும் சேர்த்துப் பிடிடா" என்றேன் நான். எவருக்குப் புரியப் போகிறது என்ற நினைப்பு!

துவைத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். "கெழவன் நிக்கிறேன் தம்பி, நல்லா எடுத்துக்கோ. எந்த ஊரு?" என்றார்.

நாணிக் குனிந்தேன். யூதர் ஆலயத்தில் தாழ்ந்த குரல் இங்கே ஏன் தாழவில்லை? அங்கே கண்டது வரலாறு, இங்கே கண்டது வெறும் வேலையாள் என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? விடுதியில் எவனாவது நம்மைப் 'பாண்டி' என்று கேலி செய்தால் கொதித்தெழுகிறோம். மானம், மரபு என்று முழங்குகிறோம். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் தமிழ் பேசி வாழ்பவரை நானே காட்சிப் பொருளாக்கினேன். பாண்டி என்றவனுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

பெரியவர் கோபிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கஞ்சி எந்தப் பதத்தில் இருந்தால் சேலை விறைப்பாக நிற்கும், மழை மாதத்தில் எப்படிக் காய வைப்பது என்று அரைமணி நேரம் பேசினார். மாவுச்சத்து பற்றி நான் படித்ததெல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தது. அவர் தமிழில் மலையாளம் கலந்திருந்தது. என் தமிழில் ஆங்கிலம் கலந்திருந்தது. எது தாழ்வு?

நம் மன்றம் ஆண்டுதோறும் உலாப் போகிறது. படம் பிடித்துத் திரும்புவதற்கு மட்டும் அந்த இடத்துக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. விடுதியில் நம் படுக்கை விரிப்புகள் அழுக்கேறிக் கிடக்கின்றன. அவற்றை அங்கே வெளுக்கக் கொடுப்போம். உரிய கூலி கொடுப்போம். காய்வதற்குள் நாலு வார்த்தை பேசுவோம்.

வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தேவரா பேருந்து நிறுத்தத்தில் நிற்பேன். சனியன்று யூதர் ஆலயம் மூடியிருக்கும், நல்லதாகப் போயிற்று. மூட்டையுடன் வாருங்கள். பிரியாணி அப்புறம்.