எதில் வாங்கிய மதிப்பெண்?

அமெரிக்காவில் சட்டம் படிக்க ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம் போதும். இன்ன பாடம்தான் படித்திருக்க வேண்டும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் சொல்வதில்லை. தத்துவமோ இயற்பியலோ இசையோ, எதுவானாலும் சரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் விண்ணப்பதாரரின் மதிப்பெண் பட்டியல்கள் சட்டப் பள்ளிச் சேர்க்கை மன்றத்துக்குப் போகின்றன. அது எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட்டு ஜி.பி.ஏ. என்னும் சராசரிப் புள்ளி ஆக்குகிறது. ஏ வாங்கினால் 4.00, ஏ பிளஸ் என்றால் 4.33. ஹார்வர்டு இளநிலைக் கல்லூரியில் ஏ பிளஸ்ஸே கிடையாது. அங்கே படித்தவர் தலைகீழாக நின்றாலும் 4.00-ஐத் தாண்ட முடியாது. ஏ பிளஸ்ஸை அள்ளித் தரும் கல்லூரியில் படித்தவர் தாண்டிவிடலாம். வெப்ப இயக்கவியலில் வாங்கிய பி-யும் எளிய அறிமுக வகுப்பில் வாங்கிய பி-யும் இந்தக் கூட்டலில் ஒன்றுதான்.

சேர்க்கைக் குழுவினருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இல்லை. ஆனால் சேர்ந்த மாணவர்களை ஜி.பி.ஏ. வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவரின் எண்ணை ஒவ்வொரு பள்ளியும் வெளியிட வேண்டும், சட்டப் பள்ளிகளுக்கான யு.எஸ். நியூஸ் தரவரிசையும் அந்த எண்ணைப் பார்க்கிறது. அங்கே 3.4 வாங்கிய பொறியாளர் பாரம், 3.9 எதில் வந்தாலும் லாபம். இத்தனைக்கும் காப்புரிமை வழக்கறிஞராகப் பதிவு பெற அறிவியல் அல்லது பொறியியல் பின்னணி கட்டாயம்.

இந்த எண் மோகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இல்லினாய் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியே சாட்சி. தன் பல்கலைக்கழகத்திலேயே நல்ல ஜி.பி.ஏ. வைத்திருந்த மாணவர்களை எல்சாட் என்னும் சட்டப் பள்ளி நுழைவுத் தேர்வு இல்லாமலேயே முன்கூட்டிச் சேர்த்துக்கொண்டது. கல்லூரியின் ஜி.பி.ஏ. நடு எண் ஏறும், எல்சாட் நடு எண்ணும் இறங்காது. அதுவும் போதாமல் எண்களையே திருத்தி அறிவித்தது. 2012-இல் வழக்கறிஞர் சங்கம் 2,50,000 டாலர் அபராதம் விதித்தது.

2022 நவம்பரில் யேல், ஹார்வர்டு சட்டப் பள்ளிகள் யு.எஸ். நியூஸுக்கு ஒத்துழைக்க மறுத்தன. மறு ஆண்டு அந்த நிறுவனம் ஜி.பி.ஏ.வுக்கான எடையைக் குறைத்தது. அடியோடு எடுத்திருக்க வேண்டும்.

கலைப் பாடங்களை மட்டம்தட்டச் சொல்லவில்லை. தத்துவம் படித்தவர்கள் எல்சாட்டில் முன்வரிசையில் நிற்பவர்கள். கறாராகத் திருத்தும் தத்துவத் துறையில் படித்தவரும் இன்று அடிபடத்தான் செய்கிறார். ஒரு மாணவரின் ஜி.பி.ஏ. அவருடைய கல்லூரியிலிருந்து விண்ணப்பித்த மற்றவர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது என்பதைச் சேர்க்கை மன்றம் இப்போதே பள்ளிகளுக்குச் சொல்கிறது. அதைத் துறைவாரியாகவும் சொல்லட்டும். வழக்கறிஞர் சங்கமும் நடு எண்ணோடு, மாணவர்கள் எந்தெந்தத் துறையிலிருந்து வந்தவர்கள் என்பதையும் வெளியிட வைக்கட்டும்.

எண் இல்லாமல் எப்படித் தேர்வு செய்வது என்று கேட்பார்கள். சென்னையில் பட்டம் வாங்கிவிட்டு விண்ணப்பிப்பவருக்கு அந்த மன்றம் ஜி.பி.ஏ. போடுவதே இல்லை; சராசரி, சராசரிக்கு மேல், மிகச் சிறப்பு என்று சொல்லால்தான் மதிப்பிடுகிறது. அப்படி வந்தவர்களையும் பள்ளிகள் சேர்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.